குரலைப் பதியும் முன்

பேசிய சொல் காற்றோடு போயிற்று என்பார்கள் நம் முன்னோர். பாடிய பாட்டும் அப்படித்தான் போயிற்று. எத்தனையோ இனிய குரல்கள் நம் ஊர்ப் பந்தல்களில் எழுந்தன. தர்கா முற்றங்களில் ஒலித்தன. கல்யாண வீடுகளின் நள்ளிரவில் கேட்டோர் கண்களை நனைத்தன. பாடியவர் மறைந்தார், குரலும் உடன் மறைந்தது. கேட்டவர்க்கு அது நினைவு. கேளாதவர்க்கு அது கதை. அவ்வளவே.

இந்த நிலை 1877-ஆம் ஆண்டில் மாறத் தொடங்கியது. அமெரிக்கரான எடிசன், உலோகத் தாள் சுற்றிய உருளையொன்றில் மனிதக் குரலைக் கீறி வைத்து, அதையே மீண்டும் பேசச் செய்தார். பத்தாண்டுகள் கழித்து, 1887-இல், எமில் பெர்லினர் உருளையை விட்டுத் தட்டையான வட்டத் தட்டை நாடினார். நம் வீடுகளில் இசைத்தட்டு என்று வழங்கியது அதன் வழிவந்ததே.

1902-ஆம் ஆண்டு நவம்பரில் அந்தக் கருவி கல்கத்தாவுக்கு வந்தது. ஃபிரெட் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் முன்னிலையில் கௌஹர் ஜான் என்ற பாடகி பாடினார். ஒலிவாங்கி அன்று இல்லை. பெரிய கூம்புக் குழாயின் வாய்க்கு நேராக முகத்தை வைத்துப் பாட வேண்டும். தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே அடங்கும். மணிக்கணக்கில் விரித்துப் பாடப் பழகிய அந்த அம்மையார், ஒரு பாடலின் உயிரை அந்த மூன்று நிமிடத்துக்குள் அடக்கினார். பாடி முடித்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். தட்டை அச்சிட வேண்டியவர்கள் கடல் கடந்து ஜெர்மனியில் இருந்தார்கள். இது யார் குரல் என்று அவர்கள் அறிய அதுவே அடையாளம்.

எதை வைப்பது, எதை விடுவது, எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது, யாருடைய பெயரைச் சொல்வது! ஒலிப்பதிவுக்கு ஆயத்தமாதல் என்னும் கலையின் பாடங்கள் யாவும் அந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கிக் கிடக்கின்றன. எண்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து எங்களுக்கும் அந்தப் பாடங்கள் தேவைப்பட்டன.

நாங்கள் நால்வர்

1986-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்களுக்கு அந்த வாய்ப்பு வந்தது. நாகூரை அடுத்த கடற்கரையூர் எங்களுடையது. இருவர் பாடுவோம், ஒருவர் ஆர்மோனியம் வாசிப்பார், ஒருவர் தஃப் கொட்டுவார். ஊரார் வாயில் அது 'தப்ஸ்'. மீலாது மேடை, கல்யாண வீடு, கந்தூரி இரவு என்று பத்தாண்டுகளுக்கு மேல் பாடி வந்திருந்தோம். ஒலிநாடா வெளியிடும் வணிகர் ஒருவர் எங்கள் பாட்டைக் கேட்டுச் சென்னைக்கு அழைத்தார். ஒலிக்கூட வாடகையில் பாதியை நாங்கள் ஏற்க வேண்டும் என்பது பேச்சு. ஒருவர் வீட்டுக் காப்பு அடகுக் கடைக்குப் போயிற்று. இன்னொருவருக்குச் சபுராளித் தமையன் அனுப்பிய பணம் கை கொடுத்தது.

பணம் போனால் மீண்டும் சம்பாதிக்கலாம். எங்கள் நெஞ்சை அழுத்தியது வேறொன்று.

எங்களுக்கு முனாஜாத்து மெட்டுகளைக் கற்பித்த உஸ்தாத் அவர்களுக்கு அப்போது வயது 78. தம் உஸ்தாதிடமிருந்து வாய்வழியாக அவர்கள் பெற்ற மெட்டுகள் இருபதுக்கும் மேல். அவற்றுக்குச் சுரக்குறிப்பு எழுதி வைத்தவர் எவருமில்லை. பாட்டின் சொற்கள் பழைய அச்சுப் புத்தகங்களில் உண்டு. பாடும் முறை அவர்களுடைய தொண்டையில் மட்டுமே இருந்தது. அந்தத் தொண்டையும் கம்மிவிட்டது. அவர்களிடம் முழுமையாகப் பாடம் கேட்டவர்கள் நாங்கள் நால்வரே. ஒலிக்கூடத்தில் நாங்கள் எப்படிப் பதிகிறோமோ, அப்படித்தான் அந்த மெட்டுகள் நாளைக்கு எஞ்சும். பிசகாகப் பதிந்தால் பிசகே மூலமாகிவிடும்!

இதன் அருமையை நம் இலக்கியம் அறிந்தவர்கள் உணர்வார்கள். கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்று தமிழுக்கு முஸ்லிம் புலவர்கள் கொண்டு வந்து சேர்த்த வகைகள் பல. அவற்றுள் பெரும்பாலானவை மௌனமாகப் படிப்பதற்கென எழுதப்பட்டவை அல்ல. ஒருவர் ஓத, பலர் சூழ்ந்திருந்து கேட்டவை. ஓசையை இழந்தால் அவற்றின் பாதி உடலை இழந்ததாகும்.

ஆகவே சென்னைக்குப் புறப்படுவதற்கு நாற்பது நாட்கள் முன்னதாகவே ஆயத்தத்தைத் தொடங்கினோம். அந்த நாற்பது நாட்களைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறோம். நம் வீட்டுப் பிள்ளைகளில் பாடக் கற்றவர்களுக்கு இது பயன்படக் கூடும்.

எதைப் பாடுவது?

அறுபது நிமிட ஒலிநாடா. பக்கத்துக்கு முப்பது நிமிடம். எட்டுப் பாடல்கள் வேண்டும் என்றார் வணிகர். அப்படியானால் ஒரு பாடலுக்கு ஏழு நிமிடம். நாங்கள் மேடையில் பாடும் முனாஜாத்து ஒன்றில் 40 கண்ணிகள் உண்டு. நிதானமாகப் பாடினால் அரை மணி நேரம் ஆகிவிடும். மேடையில் அது குறையன்று. கேட்போர் அமைதியாக இருந்தால் நீட்டுவோம். சாப்பாட்டுக்கு அழைப்பு வந்தால் சுருக்குவோம். நாடாவோ எவருக்காகவும் காத்திராது.

முதல் பத்துக் கண்ணிகளைப் பாடி நிறுத்திவிடலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். உஸ்தாத் சம்மதிக்கவில்லை.

"தம்பிகளா, முனாஜாத்துக்குத் தலை உண்டு, நெஞ்சு உண்டு, கை உண்டு. ரப்பைப் புகழ்றது தலை. நம்ம குறையைச் சொல்லி அழுவுறது நெஞ்சு. கடைசியிலே ஏந்துறது கை. தலையை மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டுப் போயி இதுதான் முனாஜாத்துன்னு சொல்லாதீங்க" என்றார்கள்.

அதன்படி புகழிலிருந்து இரண்டு, முறையீட்டிலிருந்து ஐந்து, ஏந்தலிலிருந்து இரண்டு என ஒன்பது கண்ணிகளைப் பொறுக்கினோம். புலவர் தம் பெயரை வைத்துப் பாடிய முத்திரைக் கண்ணியை விடவே கூடாது என்பது உஸ்தாதின் கண்டிப்பான கட்டளை. பாட்டை எடுத்துக்கொண்டு பாடியவன் பெயரை வெட்டி எறிவது களவுக்கு ஒப்பானது என்பார்கள். இப்படி எட்டுப் பாடல்களையும் அளந்து முடிக்க ஒரு வாரம் பிடித்தது. பயிற்சி தொடங்கும் முன்பே பாதி வேலை முடிந்துவிட்டது போன்ற நிறைவு அப்போது உண்டாயிற்று. எதைப் பாடுவதென்று ஒலிக்கூடத்து வாசலில் நின்று பேசிக்கொள்பவர்கள், நேரத்துக்கும் வாடகை கொடுத்துத் தம் நிம்மதியையும் இழப்பார்கள்.

சுருதியும் காலமும்

மேடைச் சுருதி வேறு. ஒலிக்கூடச் சுருதி வேறு. மேடையில் கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே குரல் எழும்ப வேண்டும். குழாய் ஒலிபெருக்கியில் கீழ்ச்சுரங்கள் சரியாகக் கேட்பதுமில்லை. அதனால் எல்லாப் பாடலையும் உயர்த்திப் பாடும் வழக்கம் வந்துவிடுகிறது. நல்ல ஒலிவாங்கியோ காதருகே வந்து கேட்கும் தாயைப் போன்றது. மெல்லச் சொன்னாலும் அதற்குக் கேட்கும். கத்தினால் முகம் சுளிக்கும். மேடையில் மூன்று கட்டையில் பாடி வந்தவற்றை இரண்டரைக் கட்டைக்கும், ஒன்றிரண்டை இரண்டு கட்டைக்கும் இறக்கினோம். உச்ச அடியைப் பிடிக்கும்போது தொண்டையில் இறுக்கம் இருக்கக் கூடாது. அடிமட்டத்து அடியில் காற்று மட்டும் வரக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே எந்தச் சுருதி அமைகிறதோ அதுவே அந்தப் பாடலின் சுருதி. முடிவு செய்தவுடன் பாட்டுத் தாளின் தலைப்பிலேயே அதைக் குறித்து வைத்தோம்.

அடுத்தது காலம். எங்களில் ஒருவர் கைக்கடிகாரத்துடன் உட்கார்ந்தார். ஒவ்வொரு பாடலும் எத்தனை நிமிடம், எத்தனை நொடி என்று நாள்தோறும் எழுதினார். வியப்பான ஓர் உண்மை புலப்பட்டது. அதே பாடல், அதே கண்ணிகள். ஆனால் சுற்றிலும் நாலு பேர் வந்து உட்கார்ந்த இரவுகளில் அரை நிமிடம் முன்னதாகவே முடிந்தது. உள்ளம் பரபரக்கும்போது தாளம் ஓடுகிறது. ஓடுவது பாடுகிறவனுக்குத் தெரிவதில்லை. கடிகாரம் ஒன்றுதான் அதற்குச் சாட்சி. பத்து நாள் கணக்கில் ஐந்து நொடிக்கு மேல் வேறுபாடு இல்லாத நிலை வரும் வரை விடவில்லை.

பெட்டி சொன்ன உண்மை

சிங்கப்பூரிலிருந்து சபுராளி ஒருவர் கொண்டு வந்திருந்த ஒலிப்பதிவுப் பெட்டியை இரவல் வாங்கினோம். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகம் செய்த சிறு ஒலிநாடா, அதற்குள் உலகமெங்கும் பரவி எங்கள் ஊர்த் திண்ணைக்கும் வந்துவிட்டிருந்தது. எங்கள் பாட்டை எங்களுக்கே போட்டுக் காட்டியபோது நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இது நம் குரலா?

எல்லோருக்கும் நேர்வதே இது. நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டும் நம் செவிக்கு வருவதில்லை. மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் வருகிறது. எலும்பு வழி வரும் ஓசை கனமானது. பெட்டியில் கேட்பதோ காற்றின் வழி மட்டும் வந்த குரல். அதனால் மெலிந்தாற்போலத் தோன்றுகிறது. பிறர் எந்நாளும் கேட்டு வந்தது அந்தக் குரலைத்தான்! ஒலிக்கூடத்தில் முதன்முதலாக இதைக் கேட்பவர் திகைத்துத் தம்மீதே நம்பிக்கை இழப்பார். முன்னதாகவே கேட்டுப் பழகியவர்க்கு அந்தத் திகைப்பு இல்லை.

பெட்டியின் முன்னே ழகரமும் ளகரமும் தத்தம் இடத்தில் நின்றாக வேண்டும். றகரம் ரகரமாகத் தேயக் கூடாது. அரபுச் சொற்களில் இன்னும் கவனம் தேவை. தமிழ் எழுத்தில் ஒரே 'ஹ' என்றாலும் அரபியில் இரண்டு உண்டு. ஒன்றை மற்றொன்றாக ஒலித்தால் பொருள் மாறும். உஸ்தாத் பக்கத்திலிருந்து ஒவ்வொரு திருநாமத்தையும் பலமுறை சொல்ல வைத்தார்கள்.

பகரம் இன்னொரு சோதனை. சொல்லின் தொடக்கத்தில் அதை அழுத்திச் சொன்னால் வாயிலிருந்து காற்று குபீரென்று வெளியேறி ஒலிவாங்கியை அறைகிறது. பதிவில் 'தொம்' என்று கேட்கிறது. இதற்கு ஓர் எளிய பயிற்சி உண்டு. வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மெழுகுவத்தியை ஏற்றி வைத்துப் பாட வேண்டும். பகரம் வரும் இடத்திலெல்லாம் சுடர் ஆடாதிருக்கப் பழக வேண்டும். இரவு இஷாத் தொழுகைக்குப் பின் நாங்கள் மெழுகுவத்தியைப் பார்த்துப் பாடிய கோலத்தைக் கண்டு வீட்டுப் பெண்மக்கள் சிரித்ததுண்டு. சுடர் ஆடாது நின்ற நாளில் அவர்களே வியந்தார்கள்.

கருவிகளின் உடல்நலம்

பாடுகிறவன் தன் தொண்டையை நினைப்பான். கருவியின் தொண்டையை யார் நினைப்பது? ஆர்மோனியத்தின் துருத்தியில் ஒரு சிறு கிறீச்சொலி இருந்தது. மேடையில் அதை எவரும் கேட்டதில்லை. ஒலிவாங்கிக்கு அதுவே முதலில் கேட்கும். பழுது பார்ப்பவரிடம் கொடுத்துத் துருத்தியையும் கட்டைகளையும் சரி செய்து, அலைந்த இரண்டு நாக்குகளைச் சுருதி சேர்த்து வாங்கினோம். ஆர்மோனியத்தின் மீது இசை அறிஞர்களுக்கு எப்போதுமே ஒரு குறை உண்டு. சுரத்துக்குச் சுரம் நழுவிச் செல்லும் கமகம் அதற்கு வராது. அகில இந்திய வானொலி 1940-இல் அதை விலக்கியே வைத்தது. 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. அதனால் குரல் வளைந்து குழையும் அடிகளில் ஆர்மோனியம் கை ஓய்ந்திருக்க வேண்டும் என்று பாட்டுத் தாளிலேயே கோடிட்டு வைத்தோம்.

தப்ஸின் நிலை வேறு. அது தோல். கடற்கரையின் ஈரக் காற்றில் தளர்ந்து கனத்த குரலில் பேசும்; அனலில் காட்டினால் இறுகிக் கணீரென்று ஒலிக்கும். குளிரூட்டிய அறையின் காற்று வறண்டது. அதற்குள் கொண்டு போனதும் தோல் தானாகவே இறுகத் தொடங்கும். முதல் பாடலில் ஒரு நாதம், நான்காம் பாடலில் வேறொரு நாதம் என்றாகிவிடும். இதை அறிந்து, ஒலிக்கூடத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே தப்ஸை உள்ளே கொண்டு போய் வைக்க அனுமதி கேட்டு வாங்கினோம். கருவியும் புது வீட்டுக்குப் பழக வேண்டும் அன்றோ!

வணிகருடன் ஒரு பேச்சு

இத்தனைக்கும் நடுவில் ஒரு சிக்கல் எழுந்தது. "பாய், வெறும் தப்ஸோட போட்டா யாரு வாங்குவா? கிடார், டிரம்ஸ், வயலின் எல்லாம் சேத்துடுவோம். சினிமாப் பாட்டு மாதிரி இருந்தாத்தான் ஓடும்" என்றார் வணிகர். அவர் தம் முதலைப் பற்றிக் கவலைப்பட்டார். அதைக் குறை கூற முடியாது.

உஸ்தாதோ தப்ஸைத் தவிர வேறு கருவியே வேண்டாம் என்னும் கருத்தினர். ஆர்மோனியத்தைக்கூட எங்களுக்காகப் பொறுத்துக்கொண்டவர்கள் அவர்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்தில் பெருநாளிலும் திருமணத்திலும் தஃப் ஒலித்ததை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. பிற கருவிகளைப் பற்றி உலமாக்களிடையே நெடுங்காலமாகவே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் கஸ்ஸாலி அவர்கள் தம் இஹ்யாவில் இசை கேட்டலின் ஒழுக்கங்களுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த வழக்கில் தீர்ப்புக் கூறும் தகுதி எங்களுக்கில்லை. எங்கள் முன் இருந்த கேள்வி சிறியது: இத்தனை கருவிகள் சூழ்ந்தால் உஸ்தாதின் மெட்டு காதில் விழுமா?

மூன்று கடிதங்கள் போய் வந்தன. முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஆறு பாடல்களுக்குப் புல்லாங்குழலும் தபேலாவும் சேரலாம். இரண்டு முனாஜாத்துகளுக்குக் குரலும் தப்ஸும் மட்டுமே. அட்டையில் புலவர் பெயரும், 'மெட்டு' என்று குறிப்பிட்டு உஸ்தாதின் பெயரும் அச்சாக வேண்டும். இவை அனைத்தையும் தாளில் எழுதி இரு தரப்பும் ஒப்பமிட்டோம். ஒலிக்கூடத்துக்குள் போன பிறகு வாதாடினால் பாட்டு வெளிறிப் போகும்; நட்பும் கெடும்.

இளைஞர்கள் இதை மனத்திற் கொள்ள வேண்டும். பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் உரிமை தந்தது. பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் தனி உரிமை உண்டென்று சட்டம் ஏற்றது 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மேலும் வலுப்படுத்தியது. சட்டம் இருந்தாலும், கையில் தாள் இல்லாதவனுக்கு அது தொலைதூரத்து விளக்கே.

அந்த நாள்

புறப்படும் முன் கடைசி வாரத்தில் பாட்டைக் குறைத்தோம், தூக்கத்தைக் கூட்டினோம். வெற்றிலையும் குளிர்ந்த பானமும் விலக்கு. வெந்நீரும் பனங்கற்கண்டும் துணை. இரவுப் பேருந்தில் ஜன்னலோரம் பாடகர்கள் உட்காருவதில்லை என்று முடிவு. பதிவுக்கு முந்தின நாளே சென்னையை அடைந்து, உறவினர் வீட்டில் தங்கி நன்றாகத் தூங்கினோம்.

உடையையும் முன்பே எண்ணியிருந்தோம். கஞ்சி போட்ட சட்டை சரசரக்கும். சட்டைப் பையில் சாவியும் சில்லறையும் சிணுங்கும். கைக்கடிகாரம் டிக் டிக் என்னும். எல்லாவற்றையும் கழற்றி ஒரு பைக்குள் போட்டோம். பாட்டுத் தாள்களை ஒரு பக்கத்துக்கு ஒரு பாடலாகப் பெரிய எழுத்தில் எழுதி, அட்டையில் ஒட்டியிருந்தோம். பாட்டின் நடுவே தாள் புரட்டினால் அந்த ஓசையும் பாட்டோடு சேர்ந்து நிலைத்துவிடும்.

உள்ளே சென்றதும் ஒரு விசித்திரம். அந்த அறையில் குரல் திரும்பி வருவதில்லை. பள்ளிவாசல் மண்டபத்திலும் கல்யாணப் பந்தலிலும் நம் குரல் சுவரைத் தொட்டு நம்மிடம் மீளும். அந்த மீட்சியில்தான் பாடுகிறவன் தெம்பு பெறுகிறான். துணியும் பஞ்சும் போர்த்த அந்தச் சுவர்கள் ஓசையை விழுங்கிவிட்டன. நிசப்தம் காதில் அழுத்தியது. இதைப் பற்றி முன்பே கேள்விப்பட்டு, வீட்டில் மெத்தைகளைச் சுவரோரம் சாத்தி வைத்த சிறு அறையில் நான்கைந்து நாட்கள் பாடிப் பார்த்திருந்தோம். காதுக்கருவியை ஒரு செவியில் மட்டும் மாட்டிக்கொண்டு, மறு செவியைத் திறந்து வைத்தால் சுருதி பிடிபடுகிறது என்பது அங்கே கற்றது.

கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஒலிப்பதிவாளர் அனுபவசாலி. "பாய், மைக்கைப் பாத்துப் பாடாதீங்க. மைக்குக்குப் பக்கத்துல உங்க ஆளு ஒருத்தர் உக்காந்திருக்காருன்னு நெனச்சு அவருக்குப் பாடுங்க" என்றார். எத்தனை நுட்பமான அறிவுரை! முகம் சற்றே விலகியதால் பகரத்தின் காற்று ஒலிவாங்கியைத் தாக்கவில்லை. ஓர் ஆளை நினைத்துப் பாடியதால் பாட்டில் உயிர் வந்தது.

எங்கள் பதிவில் நாங்களும், குழலும் தபேலாவும் வாசித்தவர்களும் ஒருசேர வாசித்தாக வேண்டும். ஒருவர் தடுமாறினால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாடா நொடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடியது. நிமிடத்துக்கு 75 அடி. 2500 அடி கொண்ட பெரிய சுருள்கூட அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே தாங்கும். வீணாகும் ஒவ்வோர் அடிக்கும் விலை உண்டு. கைக்கடிகாரத்துடன் கழித்த இரவுகள் அப்போதுதான் தம் பயனைக் காட்டின.

வரிசையையும் முன்பே வகுத்திருந்தோம். கடினமான பாட்டை முதலில் வைத்தால் குரல் திறந்திராது. கடைசியில் வைத்தால் களைத்திருக்கும். நடுத்தரமான ஒன்றால் தொடங்கி, குரல் கனிந்ததும் இரண்டு முனாஜாத்துகளையும் முடித்து, எளியவற்றைப் பின்னுக்கு வைத்தோம்.

முதல் முனாஜாத்து இரண்டு முறை பதிவாயிற்று. இரண்டாவது பதிவு அப்பழுக்கில்லாதது. முதலாவதில் கடைசிக் கண்ணியில் பாடியவரின் குரல் ஓரிடத்தில் லேசாகத் தழுதழுத்தது. எதை வைத்துக்கொள்வது? கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருந்த உஸ்தாத் அவர்களைக் கேட்டோம். அவர்கள் இரண்டையும் கண்மூடிக் கேட்டார்கள். "ரெண்டாவதுல பாட்டு இருக்கு. மொதல்ல துஆ இருக்கு" என்றார்கள். முதலாவதே நிலைத்தது.

ஆயத்தம் எதற்காக என்பதை அந்த ஒரு சொல்லில் நாங்கள் புரிந்துகொண்டோம். சுருதியையும் காலத்தையும் தாளையும் தோலையும் நாற்பது நாள் கட்டிக் காத்ததெல்லாம், பாடும் அந்த நேரத்தில் அவற்றை மறந்திருப்பதற்காகவே. அவற்றை மறக்க முடிந்ததால்தான் குரல் தழுதழுக்க இடம் கிடைத்தது.

இன்றைக்கு

அவ்வாண்டு கந்தூரிக் கடைகளில் அந்த ஒலிநாடா விற்றது. பெருவெற்றி என்று சொல்ல மாட்டோம். அடகுக் கடையிலிருந்து காப்பு மீண்டு வரும் அளவுக்கு விற்றது. அட்டையில் உஸ்தாதின் பெயர் ஒப்பந்தப்படியே அச்சாகியிருந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1989-இல், அவர்கள் வஃபாத்தானார்கள். அவர்களின் இருபது மெட்டுகளில் இரண்டு, உள்ளபடியே பதிவாகி நிற்கின்றன. ஆறு மெட்டுகள் குழலோடும் தபேலாவோடும் நிற்கின்றன. எஞ்சியவை எங்கள் நினைவில் உள்ள மட்டும் உள்ளன.

இன்றைய இளைஞனுக்கு நாடாவின் நீளத்தைப் பற்றிக் கவலையில்லை. கணினியில் நூறு முறை பாடலாம். நல்ல அடிகளைப் பொறுக்கி ஒட்டலாம். விலகிய சுரத்தைச் சுருதியில் இழுத்து நிறுத்தும் ஆட்டோடியூன் என்னும் மென்பொருள் 1997-லேயே வந்துவிட்டது. சட்டைப் பையில் கிடக்கும் தொலைபேசியே ஓர் ஒலிக்கூடம். இவை யாவும் இறைவன் அளித்த வசதிகள். பழிக்கத் தக்கவை அல்ல. ஆயினும் எந்தக் கண்ணியை விடுவது, யார் பெயரைச் சொல்வது, ஹகரத்தை எப்படி ஒலிப்பது என்பவற்றை எந்தக் கருவியும் நமக்காக முடிவு செய்யாது.

1925-இல் பிறந்து 2015-இல் மறைந்த நாகூர் இ. எம். ஹனிபா அவர்களின் வெண்கலக் குரல் இன்றும் நம் ரமலான் இரவுகளில் ஒலிக்கிறது. பேரர்கள் அதைக் கேட்டு வளர்கிறார்கள். பதிவு என்னும் ஒன்று இல்லாதிருந்தால் அவரும் நமக்கு ஒரு கதையாகவே எஞ்சியிருப்பார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பாட்டியார் ஒருவர் தாலாட்டுப் பாடக் கூடும். முதியவர் ஒருவர் பழைய பைத்தோ கிஸ்ஸாவோ மெட்டோடு ஓதக் கூடும். அவர்கள் முன் தொலைபேசியை நீட்டும் முன் சற்றே ஆயத்தம் செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வெந்நீர் கொடுங்கள். பாட்டை யார் எழுதினார், யாரிடம் கற்றார்கள் என்று கேட்டு, அதையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். அவர்கள் களைத்துப் போகும் முன் பாட விடுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும்.

கம்மிய குரல் என்று நாளைக்கு ஒதுக்கி வைக்காதீர்கள். வல்ல அல்லாஹ் அவர்கள் ஆயுளை நீட்டித் தருவானாக! ஆனால் பதிவை இந்த வாரமே செய்யுங்கள்.